வெப்பம் போகும் வழி

பேராதனையின் மார்கழிக் குளிரில் ஒரு கணினி வெம்மை தாளாது நின்றுவிடும் என்று நான் எண்ணியதில்லை. ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தை எழுதிய இரவில் அது மும்முறை அணைந்தது. சாளரத்தைத் திறந்தேன், ஹந்தானைக் காற்று வந்தது, பயனில்லை.

மறுநாள் கழற்றிப் பார்த்தேன். உள்ளே தட்டையானதொரு செம்புக் குழாய். கற்றது நினைவுக்கு வந்தது: குழாயினுள் தாழ் அமுக்கத்தில் சிறிதளவு நீர், முறைவழியாக்கியின் சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்குள்ள உலோகத் தகடுகளிடம் வெப்பத்தை ஒப்படைத்து ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மயிர்த்துளைத்தன்மையால் மீள்கிறது. 1963இல் லொஸ் அலமொசில் ஜோர்ஜ் குரோவர் செய்துகாட்டிய இவ்வெப்பக் குழாயில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. குற்றம் அதனிடத்தில் அன்று. தகடுகளின் இடுக்குகள் தூசியால் அடைபடும்வரை வாளாவிருந்தவன் நானே. தூரிகையால் துடைத்தபின் அத்தியாயமும் முடிந்தது.

வெளியே எத்துணைக் குளிர் இருந்தாலென்ன? உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழி வேண்டும். மகாவலியின் நீராவி முகிலாகி மழையாய் ஆற்றுக்கே மீளும் நாட்டில் வாழ்ந்தும், இதனை உணர எனக்கு ஒரு பிடி தூசி தேவைப்பட்டது.