ஆயிரம் ஊசி, ரெண்டு ஊசி

திருப்பூரில் பனியனுக்கா பஞ்சம்? ஸ்டேஷன் பக்கத்துக் காதர்பேட்டையில் குவித்து வைத்து விற்கிறார்கள். எனக்கு வேண்டியதோ ஸ்வெட்டர். கல்யாணமாகி எட்டே மாசம், மனைவிக்கு ஊட்டிக்கு டிரான்ஸ்பர்!

"கம்பளியெல்லாம் லூதியானா சரக்குங்க. இது பருத்தி ஊருங்க" என்றார் கடைக்காரர்.

நண்பரின் நிட்டிங் யூனிட்டில் எட்டிப் பார்த்தேன். வட்ட மெஷினில் ஆயிரத்துக்கும் மேல் ஊசிகள். மேலே நூல் ஓட, கீழே துணி குழாய் மாதிரி இறங்குகிறது. இதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா, 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் செய்த பின்னல் இயந்திரம். காதலி எந்நேரமும் பின்னிக்கொண்டே இருந்தாளாம், இவரை நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். அந்தக் கடுப்பில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை. கைப்பின்னல்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி உரிமம் தர மறுத்துவிட்டாராம்.

நான் லீக்கு நேர் எதிர். ரெண்டு ஊசியும் கம்பளி நூலும் வாங்கி, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பாடம் கேட்டாச்சு. சனிக்கிழமைதோறும் மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் பின்னுவேன். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். என் ஊசிக்கு வேலையில்லை.

இந்த வேகத்தில் போனால், ஸ்வெட்டருக்கு ஒரு கை முளைப்பதற்குள் அவளுக்கு டிரான்ஸ்பர் கேன்சலாகிவிடும்.

ஆகட்டுமே, சாமி!