நெய்ச்சேறு

அண்ணாமலை உச்சியில் சேறு இருக்கும்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அது காய்ந்த பாறை. 2668 அடி உயரத்துக்குக் கல், நடுநடுவே புல், அவ்வளவுதான்.

பதினாறு வயதில், தீபம் ஏற்றிய மூன்றாம் நாள், மாமாவோடு ஏறினேன். பையில் ஒரு கிலோ நெய். கந்தாஸ்ரமம் தாண்டியதும் படி, பாதை எல்லாம் முடிந்துபோனது. பாறைக்குப் பாறை கையை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. "மாப்ள, மேல போனா பாத்து கால வெய்யி, வழுக்கும்" என்று மாமா மூன்று முறை சொன்னார். மழையே இல்லையே, எப்படி வழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி கறுப்பாக இருந்தது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் கிலோ கணக்கில் நெய், மீட்டர் கணக்கில் காடாத் துணி. பதினொரு நாள் எரியும் தீபம். கொப்பரையிலிருந்து வழிந்த நெய்யும் கரியும் மண்ணும் வருஷக்கணக்கில் சேர்ந்து மிதிபட்டு, விரல் இடுக்கில் பிதுங்கும் களியாக ஆகியிருந்தது. நாலடி வைப்பதற்குள் விழுந்தேன். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். பிறகு அந்தச் சேற்றையே ஒரு விரலில் தொட்டு என் நெற்றியில் வைத்தார். வீட்டுக்கு வந்தால் பேண்ட்டில் கறை போகவே இல்லை. அம்மா அதைத் தூக்கிப் போடவும் இல்லை.

அதற்குப் பிறகு நீலகிரியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியில் நடந்தபோது கால் திடீரென்று உள்ளே இறங்கியது. கறுப்பு மண், அதே வழுக்கல். ஒரு நொடி நெய் வாசனை வந்த மாதிரி இருந்தது. அது புல்லும் செடியும் முழுசாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாக அடுக்கிச் சேர்ந்த சதுப்பு. மழையைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். எங்கள் மலைக்கு அப்படி ஒரு பஞ்சு கிடையாது. பாறைமேல் மெல்லிய மண், அதைப் பிடித்து நிற்கும் செடிகள். பல வருஷமாக ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் மரக்கன்று நட்டு, கோடையில் தீ பரவாமல் காத்து வளர்த்த பச்சை அது. அங்கே நின்றபோதுதான், எங்கள் மலைக்கும் மண் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அதுவரை அது நெருப்பு, லிங்கம், சாமி.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. அன்று சாயங்காலம் அடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீடு ஒன்றின்மேல் மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

பன்னிரண்டு நாள் கழித்து தீபம். பக்தர்கள் ஏறத் தடை என்றார்கள். மாமா போனில் கொதித்தார். "நாப்பது வருஷமா ஏறுறேன்டா. மலைக்குத் தெரியாதா என்னை?"

"மலைக்குத் தெரியும் மாமா. மண்ணுக்குத் தெரியுமா?"

போனை வைத்துவிட்டார். பேசியது தப்போ என்று அன்றிரவு தூங்கவில்லை. நம் கால்கள்தான் மலையைச் சரித்தன என்று நான் சொல்லவில்லை, அது மழை. ஆனால் தீபம் முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் உச்சியில் பிராயச்சித்த பூஜை நடக்கும். மலையே சாமி, அதை மிதித்துவிட்டோம் என்பதற்காக. மிதிப்பது சின்ன விஷயம் இல்லை என்று நம் பெரியவர்களுக்கு எப்பவோ தெரிந்திருக்கிறது. பூஜை இருக்கிறதே என்று மறுவருஷமும் ஏறிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

13ஆம் தேதி ஊருக்குப் போனேன். மாமா என்னிடம் பேசவில்லை. ஐந்தரை மணிக்கு, மலைக்குக் கிளம்புகிற மாதிரியே கால் கழுவி, செருப்பை வாசலில் விட்டு, மொட்டைமாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தது. தெரு முழுக்க "அரோகரா" என்றது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார், சத்தம் போடவில்லை. பிறகு தலையைத் திருப்பி அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தப் புள்ளைங்க எந்த ஸ்கூல்டா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. கீழே இறங்கும்போது அவர் முழங்கால் வலிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பேசிக்கொள்ளவில்லை. படியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாத்து மாமா, வழுக்கும்" என்றேன்.