தீவுச் சிட்டும் பெருநிலச் சிட்டும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

ராபின்சன் குரூசோவின் கதையை நம்மில் பலர் படித்திருப்போம். அக்கதைக்குத் தூண்டுகோலாக இருந்தவர் அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் ஸ்காட்லாந்து மாலுமி என்பர். 1704 முதல் 1709 வரை அவர் தன்னந்தனியே வாழ்ந்த தீவு, தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. 1966-இல் அதற்கு ராபின்சன் குரூசோ தீவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் தோழியரே, நான் எழுத வந்தது மாலுமியைப் பற்றி அன்று. அத்தீவில் மட்டுமே வாழும் ஒரு ரீங்காரச் சிட்டையும் அதன் உறவுக்காரச் சிட்டையும் பற்றியே.

ஹம்மிங் பறவை எனப்படும் ரீங்காரச் சிட்டை நம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு என்று எண்ணிவிட வேண்டாம். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்து தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டோ அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

நான் சொல்லும் இரண்டும் மிக நெருங்கிய சொந்தம். தலையில் தீக்கங்கு போல் மின்னும் முடி இருப்பதால் ‘ஃபயர்கிரௌன்’ என்று பெயர் பெற்றவை. பெருநிலச் சிட்டு பச்சை முதுகு உடையது; ஆணுக்கு மட்டுமே அம்முடி உண்டு. தீவுச் சிட்டில் ஆண், செங்கல் நிறம். பெண்ணோ நீலப்பச்சை முதுகும், புள்ளியிட்ட வெண்ணிற வயிறும், நீலமாய் மினுங்கும் தலையும் கொண்டது. ஆணையும் பெண்ணையும் வேறு வேறு இனங்கள் என்றே முற்காலத்து அறிஞர்கள் எண்ணினார்களாம்!

எடையை நம் அம்மாக்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு பவுன் 8 கிராம். பெருநிலச் சிட்டு முக்கால் பவுன்கூடத் தேறாது. தீவுச் சிட்டின் ஆண் 11 கிராம், அதாவது ஒன்றேகால் பவுனுக்கும் மேல். பெருநிலச் சிட்டு இத்தீவிலும் குடியேறியிருக்கிறது. நன்றாகப் பூத்த மரத்தைத் தீவின் ஆண் சிட்டு தன் சொத்தாக்கிக்கொண்டு, சிறியதைத் துரத்தி அடிக்கும்.

அப்படியானால் பெரியதுதான் பெருகியிருக்க வேண்டும்? இல்லை. அழியும் விளிம்பில் நிற்பது அதுவே. சிறியதற்குச் சிலியின் காடுகளும் தோட்டங்களும், தென்கோடியில் குளிர் நடுங்கும் தியர்ரா தெல் ஃபுவேகோ வரையிலும் இடம் இருக்கிறது. பெரியதற்கோ 50 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்த ஒரு தீவுதான்.

அதையும் மனிதர் கெடுத்துவிட்டனர். செல்கிர்க் ஆடுகளை ஓடிப் பிடித்து உண்டார். தூங்கும்போது எலிகள் கடிக்காதிருக்கப் பூனைகளைப் பழக்கி அருகில் வைத்துக்கொண்டார். அவருக்கு முன்பே கப்பல்களில் வந்து இறங்கியவை இவை. எனக்குப் பூனை என்றால் உயிர். ஆயினும் அங்கே அது சிட்டைப் பிடித்துத் தின்கிறது. ஆடும் முயலும் செடிகளை மேய்ந்தன. வெளியிலிருந்து கொண்டுவந்த பிளாக்பெர்ரி முட்புதர், பூமரங்கள் முளைக்கும் இடத்தையெல்லாம் மூடிக்கொண்டது.

இதே தீவுக்கூட்டத்தில் மேற்கே மற்றொரு தீவு உண்டு. அங்கும் இச்சிட்டின் ஒரு கிளை வாழ்ந்தது. 1908-க்குப் பின் அதைக் கண்டவர் இல்லை. எஞ்சியிருக்கும் தீவில் இப்போது முட்புதரை வெட்டி, அம்மண்ணுக்குரிய மரங்களை நடுகிறார்கள். அங்குள்ள சான் ஹுவான் பௌதிஸ்தா என்னும் ஒரே ஊரின் தோட்டங்களில் முட்டைக்கோஸ் மரம் என்று ஒன்று ஆரஞ்சு நிறத்தில் பூக்கிறது. செங்கல் நிற ஆண் சிட்டு அதைத் தேடி வந்து, இன்றும் சிறியதை விரட்டிக்கொண்டிருக்கிறது.