எழுத்துச் சில்லு

ஹெர்குலிஸ் என்று ஒரு அட்டை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே செருகி, திரையில் எழுத்தையும் படத்தையும் வரவைக்கிற பலகை. 1982-இல் அமெரிக்காவில் வந்தது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நம்ம ஊர் டி.டி.பி. மையங்களிலும் கல்லூரிகளிலும் பச்சைத் திரையோடு இருந்த எந்திரங்கள் பலவற்றில் இதன் நகல்தான் இருந்தது. இன்றைக்கு எடைக்குப் போடுகிற சாமான். இதை வைத்துக்கொண்டு ஒரு வருசமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். எழுத்து யார் கையில் இருக்கிறது என்பது நமக்குப் பழைய கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ தொடங்கியதும், அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்ததும் அந்தக் கேள்விக்கான பதில்தான். எழுத்து ஈயத்திலிருந்து சில்லுக்கு மாறியபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அட்டை கிடைத்தது புளியந்தோப்பில், எங்க சித்தப்பா வேலை செய்கிற காயலாங்கடையில். பழைய பலகை வந்தால் அங்கே முதலில் ஓரத்தை வெட்டுவார்கள். பெட்டிக்குள் செருகுகிற அந்த ஓரத்தில் பக்கத்துக்கு 31 என்று 62 செம்புப் பட்டைகள். மேலே மெல்லிய தங்கப் பூச்சு. அதைத் தனியாகச் சேர்ப்பார்கள். மிச்சப் பலகையை அடுப்பில் காட்டி, பற்றுவைத்த ஈயம் இளகியதும் சில்லுகளைத் தட்டி எடுப்பார்கள். அந்தப் புகையில் சித்தப்பாவுக்கு முப்பது வருசம். ஓரம் வெட்டாத அட்டையாக ஒன்று வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துக் கொடுத்தார்.

“இத்த வெச்சிக்கினு இன்னாடா பண்ணப்போற? இதெல்லாம் ஓடாதுடா.”

“ஓடும் சித்தப்பா. நீ பாரேன்.”

பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்தப் பட்டைகளைத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. பலகையில் 6845 என்று எண் போட்ட ஒரு சில்லு. திரையில் கோடு கோடாக ஓட்டுகிற மேஸ்திரி அதுதான். 4464 என்ற நினைவகச் சில்லு இரண்டு, சேர்த்து 64 கிலோபைட். மூலையில், பற்றுவைக்காமல் குழியில் செருகிய இன்னொன்று. அதுதான் எழுத்துச் சில்லு.

அது என்ன செய்கிறது என்று தெரிய 1981-க்குப் போக வேண்டும். அந்த வருசம் ஐ.பி.எம். தன் பி.சி.யோடு விற்ற ஒற்றை நிற அட்டையில் நினைவகம் வெறும் 4 கிலோபைட். குறுக்கே 80, நெடுக்கே 25, ஆக 2000 எழுத்துக்கு இடம். எந்தெந்த எழுத்து என்பதை எழுத்துச் சில்லில் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்டார்கள். மொத்தம் 256 வடிவம். ஆங்கில எழுத்து, ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்து, கொஞ்சம் கிரேக்கம், பெட்டி கட்டுகிற கோடுகள். சீட்டுக்கட்டின் நாலு சின்னத்துக்கும் இடம் இருந்தது. சிரிக்கிற மூஞ்சி இரண்டுக்கு இடம் இருந்தது. தமிழில் ஓர் எழுத்துக்கு இடமில்லை. இந்திக்கு இல்லை, அரபுக்கு இல்லை, சீனத்துக்கும் இல்லை.

திரையில் 720க்கு 350 புள்ளிகள் இருக்கின்றன. கண்ணுக்கும் தெரிகின்றன. ஆனால் ஒரு புள்ளியைக்கூட நாம் தனியாகத் தொட முடியாது. சில்லு அனுமதித்த வடிவத்தைக் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். பிறக்கும்போதே பதித்தது, மாற்ற முடியாது, பட்டியலில் இல்லாதவன் திரைக்கு வர முடியாது. இப்படி ஓர் ஏற்பாடு நமக்கொன்றும் புதுசில்லை. புள்ளியைத் தொடவிடுகிற வண்ண அட்டை ஒன்றையும் ஐ.பி.எம். விற்றது. அதில் அதிகம் போனால் 640க்கு 200. எழுத்து கரடுமுரடாக வரும்.

கலிஃபோர்னியாவில் வான் சுவன்னுகுல் என்கிற தாய்லாந்துக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஐ.பி.எம். எந்திரத்தில் தன் மொழி எழுத்திலேயே தட்டச்சு செய்ய நினைத்தார். சில்லில் அவர் எழுத்து இல்லை. எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டிருக்காமல் அவர் வேறு அட்டையே செய்தார். நினைவகத்தை 64 கிலோபைட்டாக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கினார். குறுக்கே 720, நெடுக்கே 348. பெருக்கினால் 2,50,560 புள்ளிகள், ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றலாம், அணைக்கலாம். 350 ஏன் 348 ஆனது என்றால், வரிகளை நாலு அடுக்காகப் பிரித்து வைக்கிறது அந்த அட்டை. நாலால் மீதியின்றி வகுபட வேண்டும். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்கிற கணக்கு மென்பொருள் இதை ஏற்றுக்கொண்டதும் அலுவலகங்கள் வாங்கின. நகல்கள் பெருகி நம்ம ஊர்வரை வந்தன. கணக்கு வரைபடம் பார்க்க உலகம் வாங்கிய அட்டை, ஒருவன் தன் மொழியில் எழுதப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

எனக்கும் அப்போது தெரியாது. 1991-இல் நான் படித்த கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏசி ஓடும். திரைமேல் சந்தனம், குங்குமம். எந்திரம் குறைவு. முன்னால் உட்காருகிறவர்கள் யார், பின்னால் நின்று பார்க்கிறவர்கள் யார் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. கை நீட்டினால் பொறுப்பாளர் சொல்வார்: “தொட்டா கெட்டுடும்.” அதில் ஓர் உண்மை உண்டு. அந்த மேஸ்திரிச் சில்லுக்குத் தவறான எண்ணைக் கொடுத்தால் பழைய பச்சைத் திரை நிஜமாகவே கெட்டுப்போகும். ஆனால் அந்த எச்சரிக்கை ஏன் பின்னால் நின்றவர்களுக்கு மட்டும்? தொட்டால் கெட்டுப்போகும் என்கிற சொல்லைக் கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நாம் கேட்டவர்கள்தான்.

இப்போது தடுக்க ஆளில்லை. பழைய 386 பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து அட்டையைச் செருகினேன். பச்சைத் திரை கிடைக்கவில்லை. கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக்காக எல்லாவற்றையும் உடைத்தாயிற்று. பழைய ஒன்பது முள் சைகையை இன்றைய திரைக்கு மாற்றுகிற சின்னப் பலகை ஒன்று வாங்கினேன்.

முதலில் எழுத்துச் சில்லைப் பிடுங்கி உள்ளே இருப்பதைப் படித்தேன். ஓர் எழுத்துக்கு அகலம் எட்டுப் புள்ளி, உயரம் பதினாலு. திரையில் ஒன்பதாவதாக ஒரு வெற்றுப் பத்தி சேரும். பெட்டிக்கோடுகளுக்கு மட்டும் எட்டாவது பத்தியை ஒன்பதிலும் நீட்டுகிறது, கோடு விட்டுப்போகக் கூடாது என்று. அதே மாதிரி ஒரு வெற்றுச் சில்லில், மேல்பாதி 128 இடத்தில் தமிழ் வடிவங்களைப் பதித்துச் செருகினேன். திரையில் தமிழ் வந்தது. ஆனால் எட்டுப் புள்ளிக்குள் ‘ண’வும் ‘ஞ’வும் படுகிற பாடு! சுழி எல்லாம் அப்பிப்போய், கைகாலை மடக்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இடஒதுக்கீடு இல்லையென்றால் அந்தக் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன். இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்தின் அளவை வேறு எவனோ தீர்மானித்திருந்தால், உள்ளே போன பிறகும் நாம் மடங்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அதனால் சுவன்னுகுல் வழிக்கே போனேன். டாஸில் டீபக் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. அதிலிருந்து நேராக அட்டையோடு பேசலாம். மேஸ்திரிக்குப் பன்னிரண்டு எண்கள் கொடுத்தால் புள்ளி முறைக்கு மாறும். கட்டம் போட்ட தாளில் 24க்கு 24 கட்டத்தில் எழுத்தை வரைந்தேன். வரிக்கு மூன்று எண், ஒரு வடிவத்துக்கு 72 எண். முதல் வரிக்கு அடுத்த வரி நினைவகத்தில் அடுத்து இருக்காது. 8192 இடம் தள்ளி இருக்கும். அப்படித் தாவித் தாவிப் போட்டேன்.

எந்தச் சொல்லை எழுதுவது? ‘சேரி’ என்று எழுதினேன். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் வரி நீக்கிய நிலப் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னே கல்லில் நம்மைப் பதித்த விதம் அது. தாய்லாந்து எழுத்துக்கும் மூலம், கெமர் எழுத்து வழியாக, பல்லவர் எழுத்துதான். பிராமணர்களுக்கு ஊரை எழுதிக்கொடுத்த செப்பேடுகளை வெட்டிய அரசர்கள் அந்தப் பல்லவர்கள். கல்லும் செம்பும் சில்லும் பதிக்கிறவன் சொல்கிறதைத்தான் சொல்லும். இந்தத் திரையில் ‘சே’யும் ‘ரி’யும் நான் வைத்த புள்ளியால் ஆனவை. சித்தப்பா வந்து பார்த்தார். “சுழி இன்னும் கொஞ்சம் பெருசா போடுடா” என்றார். போட்டேன்.

வேலை இதோடு முடியவில்லை. மின்கழிவு விதிகள் 2011-இல் வெளியாகி 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இலும் 2022-இலும் திருத்தி எழுதப்பட்டன. பதிவு பெற்ற ஆலைகள்தான் பலகையைப் பிரிக்கலாம் என்கிறது சட்டம். புகை குறைய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முப்பது வருசம் ஈயத்தை மூச்சில் வாங்கியவர்களின் பெயர் இந்தப் பதிவில் எங்கே? எந்தச் சில்லில் என்ன உலோகம், எந்தப் பலகை எந்தக் காலத்தது என்று கையில் எடுத்ததுமே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது அறிவே இல்லை என்று ஆகிவிடுமா?

கம்ப்யூட்டர் படிக்கிற நம் மாணவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். புது எந்திரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடமாட்டார்கள். இந்த மாதிரிப் பழைய அட்டையில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், விலையும் அதிகமில்லை. எழுத்து எங்கே பதிந்திருக்கிறது, யார் பதித்தார்கள், அதை எப்படி மாற்றுவது என்று ஒருதரம் பிரித்துப் பார்த்துவிடுங்கள். பிரிக்கத் தெரிந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.