சீசரின் தட்டும் தாத்தாவின் கணக்கு நோட்டும்

நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். குட்டியாகத் தூக்கி வந்தது நேற்றுப் போல இருக்கும். திடீரென்று ஒருநாள் பார்த்தால் முகமெல்லாம் நரை!

உறையூரில் ஒரு வீடு. அங்கே சீசர் என்று ஒரு லேப்ரடார், வயது 11. பாட்டி ஆசையாக வளர்த்தது. பாட்டி போய் மூன்று வருடமாகிறது. அதன்பிறகு தாத்தாவுக்கு சீசர் துணை, சீசருக்குத் தாத்தா துணை.

தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. மருமகள் அளந்துதான் சோறு போடுவார். தனக்குக் கிடைக்காததையெல்லாம் சீசருக்குக் கொடுத்து மனதைத் தேற்றிக்கொண்டார் தாத்தா. காலையில் இட்லி, மதியம் குழம்பு சாதம், மாலையில் டீயோடு பிஸ்கட், ராத்திரி பால் சோறு. யாராவது கேட்டால், "அவ கையால வளர்ந்தவன். அவன் வயித்தக் காயப்போடவா?" என்பார். இதற்கு யார் பதில் சொல்வது?

சீசர் 38 கிலோ ஆனது. வாசலில் மூன்றே மூன்று படி. ஒருநாள் முதல் படியில் முன்னங்காலை வைத்துவிட்டு அப்படியே நின்றது. ஏற முடியவில்லை. தாத்தாவைத் திரும்பிப் பார்த்தது.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார்கள் எல்லோரும். கால்நடை மருத்துவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சீசரின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பே கைக்குத் தட்டுப்படவில்லை. "மூட்டு தேஞ்சிருக்குங்க ஐயா. அதோட இந்த எடையையும் சேர்த்துச் சுமக்குது. சாப்பாட்டைக் குறைக்கணும்" என்றார்.

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கப் போறதே கொஞ்ச நாள். வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போகட்டுமே!"

நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் உண்மை வேறு. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு. 2002ல் வெளிவந்த முடிவுப்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. மற்றவற்றில் பாதி 11.2 வயதுக்குள்ளேயே இறந்துவிட்டன. மூட்டுவலியும் முதல் கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அப்படியானால் சோறே ஆகாதா? ஆகும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் அதிகம் என்று 2013ல் மரபணு ஆய்வே வந்திருக்கிறது. தட்டு முழுக்கச் சோறாக இருப்பதுதான் தப்பு. வயதான நாய்க்குத் தசை கரையும், அதனால் புரதம் வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும் கணக்கே வேறு. அதனால்தான் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார். சீசருக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது.

புதுச் சாப்பாடு இதுதான்: தோல் நீக்கி வேகவைத்த கோழி, முட்டை, பரங்கிக்காய், கொஞ்சம் சோறு. உப்பு, காரம் கிடையாது. ஒருவேளை மட்டும் வயதான நாய்களுக்கான கடைத் தீனி. வெறும் வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம் போதாது என்பதால் மருத்துவர் தந்த மருந்துப் பொடி. இதெல்லாம் நாளுக்கு இரண்டு வேளை, அளந்து.

குழம்பு சாதம் அடியோடு நின்றது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் என்று சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் நம் புளியிலும் நிறைய இருக்கிறது. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றி 2022ல் ஒரு ஆய்வுக் கட்டுரையும் வந்தது. மிச்சமான புளியோதரையை நாய்க்கு வைக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு!

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. சீசர் காலித் தட்டை நக்கிவிட்டுத் தாத்தா முகத்தையே பார்க்கும். தாத்தா எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அல்லவா? பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். இந்தப் பக்கம் தின்றது, அந்தப் பக்கம் நடந்தது, மாதக் கடைசியில் எடை. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் இருவருக்கும் கேரட் துண்டு. (தாத்தாவுக்குச் சர்க்கரை குறைந்ததா என்று கேட்காதீர்கள். மாம்பழ சீசன் வந்துவிட்டது!)

ஐந்து மாதத்தில் சீசர் 33 கிலோ. மூட்டு ஒன்றும் புதிதாக முளைத்துவிடவில்லை. மழை நாளில் இன்னமும் நொண்டுகிறது. ஆனால் மூன்று படியையும் தானாக ஏறி வந்து, தாத்தாவின் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறது.

"இப்பவும் பாவமாத்தான் இருக்கு" என்கிறார் தாத்தா, கோழியைத் தராசில் வைத்துக்கொண்டே. "ஆனா அவன் பட்டினி கிடக்கலை. நான்தான் அவனுக்கு ஊட்டாம கிடக்கேன்."

உங்கள் வீட்டிலும் ஒரு நரைத்த முகம் இருந்தால், இன்று அதன் விலாவை ஒருமுறை தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா?