2015 கொண்டுபோன மூவர்

2015 என்றாலே சென்னைக்காரர்களுக்கு டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முன்பே அந்த வருஷம் கனத்துவிட்டது. ஏப்ரல் 8 எழுத்தாளர் ஜெயகாந்தன், ஜூலை 14 இசையமைப்பாளர் எம்.எஸ்.வி., அக்டோபர் 10 நம்ம நடிகை ஆச்சி மனோரமா என மூவரும் மறைந்தார்கள்.

சாந்தோம் பக்கம் போனால் எம்.எஸ்.வி. வாழ்ந்த வீட்டைக் கண் தானாகத் தேடும். ஆச்சியின் முதல் படமான 'மாலையிட்ட மங்கை'க்கு (1958) ராமமூர்த்தியோடு சேர்ந்து இசையமைத்தவர் அவர். 1977-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தனே பாட்டெழுத, மெட்டுப் போட்டுத் தானே பாடினார். அலட்டலே இல்லாத குரல். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து மனசைத் திறக்கிற மாதிரி இருக்கும். ஜெயகாந்தன் வரிகளுக்கு வேறு யார் பாடியிருந்தாலும் அந்த நேர்மை வந்திருக்காது என்பேன்.

இன்று ராத்திரி அந்தப் பாட்டை ஒருதரம் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.