பழைய காரும் பல கேள்விகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கேள்வி கேட்கத் தெரிந்தவன் பாதி கற்றவன் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேர் வகுப்பறையில் கேள்வி கேட்கிறோம்? "சந்தேகம் ஏதும் உண்டா?" என்று பேராசிரியர் கேட்டதும் அத்தனை தலைகளும் குனிந்துகொள்கின்றன. கேட்டால் சிரிப்பார்களோ, இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சம் சிறிதும் இல்லாத ஓர் இடம் எங்கள் ஊரில் இருக்கிறது. நண்பர்களே, அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் மீஞ்சூர். தெற்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கிழக்கே காட்டுப்பள்ளியும் கடலும். எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் கப்பலேறப் போகும் புத்தம் புதுக் கார்களை அடுக்கிச் சுமந்துகொண்டு நீண்ட லாரிகள் போய்க்கொண்டேயிருக்கும் வட்டாரம் இது. இங்கேதான் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய கார்ப் பிரியர்கள் சிலர் கூடுகிறார்கள். சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. ஒரு பெஞ்சு, ஒரு தூக்கு நிறையத் தேநீர், நாலைந்து கார்கள், அவ்வளவே.

அவற்றில் இரண்டு அம்பாசிடர். வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்த வண்டி. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. இன்னொன்று பிரீமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100-இன் வழி வந்ததால் எல்லாருக்கும் அது இன்னமும் 'ஃபியட்' தான். கூட்டத்தின் செல்லப்பிள்ளை ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது நம் சென்னையின் கார். வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் அதைச் செய்யத் தொடங்கியது. அதன் பானெட் முழுவதும், மட்கார்டு விளக்கு உட்பட, முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைத் தம் பேரப்பிள்ளையைப் போல வளர்த்து வருகிறார்.

இவர்களுடைய கேள்வி பதில்களைக் கேட்டுப் பாருங்கள்.

"இன்னாண்ணே, வெயில் நேரத்துல டிராஃபிக்ல நின்னா வண்டி ஆஃப் ஆயிடுது. அர மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்குது."

"ஏ.சி. பம்பு மேல ஈரத் துணி போட்டுப் பாத்தியா?"

'ஏ.சி. பம்பு' என்பது எஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் பம்பு. எஞ்சின் சூட்டில் அதனுள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை இழுத்துத் தள்ளப் பம்பினால் இயலாது, வண்டி நின்றுவிடும். ஈரத் துணியைச் சுற்றினால் நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். 'உள்ளுறை வெப்பம்' என்ற சொல்லை ஒருநாளும் கேட்டிராத அம்பாசிடர் டிரைவர்கள், அதை ஒரு பழந்துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்!

"பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுப்பா."

"பிளக்கைக் கழட்டு. இன்னா கலர்ல கீது?"

கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெளுத்திருந்தால் காற்று அதிகம். காபித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் சுடரின் நிறம் பார்த்து உப்பைக் கண்டுபிடிப்பது போன்றதுதான் இதுவும்.

"போரிங் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தலாமா?"

இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கே உரியது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. "அத ஊத்தினா ஆறு மாசத்துல ரேடியேட்டருக்குக் கருமாதிதான். மழைத் தண்ணி புடிச்சு வெச்சுக்கோ" என்பது பதில். காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை 2010-இல் வந்துவிட்டது. என்றாலும் எங்கள் ஊர் ஹெரால்டு இன்றும் வானத்து நீரைத்தான் அருந்துகிறது.

சட்டக் கேள்விகளும் உண்டு. "ஹெரால்டுக்கு ஐம்பது வயசு ஆயிடுச்சே, பழங்கார்னு பதிவு பண்ணலாமா?" பண்ணலாம். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். "அப்புறம் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாமா?" என்று அம்பாசிடர்காரர் ஆவலோடு கேட்டார். கூடாது, கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம் என்று தெரிந்ததும் அவருடைய ஆவல் அடங்கிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் நான் கவனித்தவை மூன்று. எந்தக் கேள்விக்கும் யாரும் சிரிப்பதில்லை; இது முதலாவது. பதிலுக்கு முன்னால் எப்போதும் ஓர் எதிர்க்கேள்வி வரும், இது இரண்டாவது. "சூடா இருக்கும்போதா, ஆறின பிறகா? மேடு ஏறும்போதா, சமதரையிலயா?" என்று ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். தெரியாவிட்டால் "தெரியாது, புதுப்பேட்டையில கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று கூசாமல் சொல்லிவிடுவார்கள், இது மூன்றாவது. அடுத்த ஞாயிறு பதிலோடு வருவார்கள். சில வேளை பதிலோடு பழைய பாகமும் வரும்.

இவர்களுள் ஒருவர் என் தந்தையார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பதினைந்து ஆண்டுகள் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டினார். இப்போது ஒரு தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் நான் கல்லூரிக்கு வந்த நாள் முதல் எங்கள் பேச்சு சுருங்கிவிட்டது. "பீஸ் கட்டியாச்சா? சாப்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பட்டறையில் எல்லாரிடமும் கேள்வி கேட்பவர், படித்தவன் என்று என்னிடம் மட்டும் கேட்பதில்லை. படிப்பு எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பிவிட்டதோ என்று நான் பல இரவுகள் கவலைப்பட்டதுண்டு.

சென்ற ஆண்டு பட்டறையில் ஒரு புதுக் கேள்வி பிறந்தது. அம்பாசிடர் ஒன்றின் பெட்ரோல் பம்பைப் பிரித்தபோது, உள்ளிருந்த டயாஃப்ரம் ஊறிய அப்பளம் போல ஊதிப்போய் இருந்தது. மாற்றிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. பெட்ரோல் குழாயின் ரப்பரும் பிசுபிசுத்தது. "பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குறாங்களே, அதான் காரணம்" என்றார் ஒருவர். "அதெல்லாம் கதை, டூப்ளிகேட் பார்ட்ஸ்" என்றார் மற்றவர். வாதம் வளர்ந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். "பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேம்பா" என்றேன்.

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாமே உடனிருந்து, அருகில் நெருப்பு ஏதும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். மூடியுள்ள அளவு உருளையில் 40 மில்லி லிட்டர் பெட்ரோல், 40 மில்லி லிட்டர் தண்ணீர். நன்றாகக் குலுக்கி வைத்தோம். பெட்ரோலும் தண்ணீரும் கலவா. ஆனால் எத்தனாலுக்குத் தண்ணீரின் மேல்தான் பாசம் அதிகம். பெட்ரோலை விட்டுவிட்டுக் கீழே இறங்கி நீரோடு சேர்ந்துவிடும். அடுக்குகள் பிரிந்தபோது மேலே 32 மில்லி லிட்டர் பெட்ரோல்தான் நின்றது. காணாமற்போன 8 மில்லி லிட்டர், நாற்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 20 சதவீதம் எத்தனால்!

2022-இல் 10 சதவீதமாக இருந்த கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது இதன் நோக்கம். நாட்டுக்கு அது தேவையே. ஆனால் அம்பாசிடரும் ஹெரால்டும் பிறந்த காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனால் ரப்பரை ஊதச் செய்யும்; காற்றின் ஈரத்தை இழுத்து டாங்கியில் துரு ஏற்றும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அது எரியக் காற்று குறைவாகப் போதும். பழைய கார்புரேட்டருக்கோ அந்தக் கணக்குத் தெரியாது. வழக்கமான காற்றையே விட்டுக்கொண்டிருக்கும். பிளக் வெளுத்துப் போவதன் காரணமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஞாயிறு மரத்தடியில் இதை எல்லாம் சொன்னேன். 'எத்தனால்' என்று சொல்லாமல் 'ஸ்பிரிட்டு' என்றே சொன்னேன். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரமும் குழாயும் வாங்கிப் போட வேண்டும். மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக்கூடாது. கலவையில் பெட்ரோல் பங்கைச் சற்றே கூட்ட வேண்டும் என்றேன். மெக்கானிக் அண்ணன் முழுவதும் கேட்டுவிட்டு, "கூட்டுறது எவ்ளோன்னு பிளக் கலரப் பாத்து நான் வெச்சுக்கிறேன்" என்றார். சோதனை என்னுடையது, கை அவருடையது. இரண்டும் சேர்ந்தபோதுதான் வண்டி ஓடியது.

அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா என்னிடம் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, ஈரத் துணி போட்டா பம்பு ஆறுதே, அது எப்படி?" பதினைந்து ஆண்டுகள் அவர் செய்து வந்த காரியம் அது. நான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேள்விகள் நிற்கவேயில்லை.

கோவையில் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே மேதையானவர். அத்தகைய கைத்திறன் படைத்தோர் ஒவ்வோர் ஊரிலும் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்தவை எந்த நூலிலும் இல்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போகும்போது அந்த அறிவும் கூடவே போய்விடும். நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகும் நாம்தாம் அதை எழுதி வைக்க வேண்டியவர்கள். விவசாயமோ, நெசவோ, மீன்பிடித் தொழிலோ, உங்கள் தந்தையார் எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் கேட்கும் கேள்வி ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள். அதைவிடச் சிறந்த பாடம் வேறு எங்கே கிடைக்கும்?